தட்டில் கற்பூரம், காதில் மணி

திருவண்ணாமலையில் அண்ணாமலையார் சந்நிதியில் தீபாராதனைக்குத் திரை விலகும்போது கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கு முதலில் கிடைப்பது மணியோசைதான். கண் அந்தப் பக்கம் தாவியபின் கற்பூர ஒளி தெரிகிறது. ஆய்வுக்கூடம் இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்து எடுத்துக்கொண்டது: கற்பூரத்தைக் கரைப்பானாக, ஓசையைத் தேடும் கண்ணை அளக்கப்படும் பொருளாக. அப்படிப் பிரிப்பதில் கிடைத்தது எது, நழுவியது எது?

கற்பூரத்தின் கதை சுருக்கமானது. ஒரு கிலோ நீரில் ஒரு மோல் பொருள் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். கற்பூரத்தில் ஏறத்தாழ 40 டிகிரி. 1922-இல் வேதியியலாளர் கார்ல் ராஸ்ட் இதைப் பிடித்துக்கொண்டார். சில மில்லிகிராம் பொருளும் சாதாரண வெப்பமானியும் இருந்தால் மூலக்கூறு எடையைக் கணக்கிட்டுவிடலாம். காசில்லாத ஆய்வுக்கூடத்துக்கு இது வரம். ஆனால் கற்பூரம் உருகுவது 175 டிகிரிக்கும் மேலே. அந்தச் சூட்டில் சிதையும் பொருளுக்கு இந்த முறை உதவாது. மாசு கலந்தால் அந்த 40-உம் மாறும். மாட வீதிக் கடை வில்லையை நம்பி யாரும் கணக்குப் போட முடியாது. நாப்தலீனுக்கு மாறினால் 80 டிகிரிச் சூடு போதும், ஆனால் அந்த 40 டிகிரி இறக்கம் ஏறத்தாழ 7-ஆகக் குறைந்துவிடுகிறது.

கண்ணின் விஷயம் இவ்வளவு எளிதல்ல. ஓசை இரு காதுகளையும் எட்டும் நேரத்தில் உள்ள வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை வைத்துத் திசையறியும் காது, தலையை நடுவாகக் கொண்டு கணக்கிடுகிறது. கண்ணோ தன் பார்வையை நடுவாகக் கொள்கிறது. இரு கணக்குகளும் எங்கே ஒத்துப்போகின்றன? ஆய்வாளர்கள் மார்த்தா ஜேயும் டேவிட் ஸ்பார்க்ஸும் குரங்குகளின் தலையை அசையாமல் நிறுத்திச் சோதித்தார்கள். நடுமூளையின் சுப்பீரியர் கொலிக்குலஸ் என்ற மேட்டில், பார்வை திரும்பினால் ஓசைக்கான இடமும் கூடவே நகர்ந்தது. 1984-இல் வெளியான முடிவு இது. தலையைக் கட்டிப்போடும் அந்த ஏற்பாட்டை நான் வெகுநாள் செயற்கையென்றே எண்ணினேன். ஆனால் தலையும் கண்ணும் சேர்ந்து திரும்பியிருந்தால் எது எதைப் பின்தொடர்ந்தது என்று சொல்லவே முடிந்திருக்காது. குறையென்று நான் நினைத்ததுதான் அதன் பலம்.

ஆனாலும் கோயிலில் யாரும் தலையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. கல் மண்டபத்தில் ஓசை சுவர்தோறும் மோதித் திரும்புகிறது. சில கோயில்களில் மின்சாரத்தில் இயங்கும் மேள மணி ஒரு மூலையில் அதிர, ஒளி இன்னொரு பக்கம் எழுகிறது. கண் ஒரு கணம் தடுமாறுகிறது. ஒற்றை ஒலிபெருக்கி வைத்த இருட்டறையில் இந்தத் தடுமாற்றத்துக்கு இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. சோதனையில் ஓசை எங்கிருந்து வரும் என்பது முன்கூட்டித் தெரியக்கூடாது, அது விதி. கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீஸ்வரர் கொடிமரத்தருகே சில நிமிடங்களே காட்சி தருகிறார். அரோகரா எட்டுத் திசையிலும் எழுகிறது. ஓசை வந்த பக்கம் ஒரு கண்ணும் போவதில்லை. எல்லாக் கண்களும் தீபம் எழும் 2,668 அடி உயர மலையுச்சிக்கே தாவுகின்றன.