தலைவர் சரிதம்: உரோமை அளவுகோலும் வன்னி வழக்கும்

புளூட்டார்க் கிரேக்கத்தின் கைரோனியா என்ற சின்ன ஊரில் இருந்துதான் எழுதினார். நூல்கள் நிறைந்த பெருநகருக்கு ஏன் குடிபோகவில்லை என்பதற்கு, தானும் போனால் ஊர் இன்னும் சிறுத்துவிடும் என்று காரணம் சொல்லியிருக்கிறார். வன்னியின் செட்டிகுளத்தில் இருந்து மலர் வெளியிடுகிறவர்களுக்கு இது விளக்காமலே விளங்கும்.

கிரேக்கர் ஒருவர், உரோமையர் ஒருவர் என்று சோடி சேர்த்து அவர் எழுதியவற்றோடு தனிச் சரிதங்களும் சேர, ஏறத்தாழ 50 இன்று எஞ்சியுள்ளன. பெரும் போரைவிட ஒரு சிறு பேச்சு, ஒரு பகிடி ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கொள்கை. மூத்த கேட்டோவின் சிக்கனத்தைச் சொல்லிக்கொண்டு வருபவர், அவன் வயதான அடிமைகளை விற்றான் என்ற இடத்தில் கோபப்படுகிறார். தனக்கு உழைத்துக் கிழடான மாட்டையே தான் விற்கமாட்டாராம். பிறகெங்கே மனிதனை விற்பது! உழவு மாடு வளர்த்த வன்னி வீடுகள் இந்த நியாயத்தைத் தங்களுடையதென்றே எடுத்துக்கொள்ளும்.

சுவெட்டோனியஸ் வழி வேறு. பேரரசன் ஹேட்ரியனின் செயலாளராக இருந்தவர். ஜூலியஸ் சீசர் தொடங்கி 12 பேரைக் குடும்பம், ஆட்சி, தோற்றம், பழக்கம் என்று கூறுபோட்டு எழுதினார். குளிர் தாங்காத ஒகஸ்தஸ், கனத்த மேலாடைக்குள் 4 சட்டை போட்டிருந்ததை அவர்தான் சொல்கிறார். வம்பளப்பு என்பார்கள். இருக்கட்டுமே, உலகை ஆண்டவன் நடுங்கியதை வேறெப்படி அறிவது?

தாசிதஸ், பிரித்தானியாவை அடக்கிய தன் மாமனார் அக்ரிக்கோலாவின் சரிதத்தை கி.பி. 98 அளவில் எழுதினார். அதில் உரோமையரின் பேராசையைக் கிழிக்கும் மிகச் சிறந்த பேச்சு எதிரித் தலைவன் கல்காகசுக்குத்தான். தாசிதஸே புனைந்த பேச்சாகத்தான் இருக்கவேண்டும்.

எங்கள் வழக்கு வேறு. கூத்தில் அரசன் கொலுவுக்கு வரும்போதே தன் பெருமையைத் தானே பாடி வருவான். மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தில் எம்பரதோர் என்ற பேரரசனுக்கும் அதே வரவுதான். மெய்க்கீர்த்தி போன்ற புகழ் மரபு; சட்டை எத்தனை என்று கேட்காது.

வன்னித் தலைவன் பண்டாரவன்னியனுக்கு நேர்ந்ததும் இதுதான்: பெருமை மிஞ்சியது, ஆள் தெரியவில்லை. 1803 ஒகஸ்ட் 25இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிப் பிடித்தவன், ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றான். 1895இல் வெளியான ஆங்கிலேய அதிகாரி லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூல் போன்ற, வென்ற தரப்பின் எழுத்துகளே அவனைப் பற்றிய பெரும்பாலான பதிவுகள். முல்லைமணியின் நாடகமும் கருணாநிதியின் ‘பாயும்புலி பண்டாரக வன்னியன்’ நாவலும் பின்னாளில் அவனுக்கு வீரத்தையும் காதலையும் கொடுத்தன. ஆனால் அவன் விட்ட பகிடி ஒன்றுகூட நமக்கு வரவில்லை. கற்பனை செய்யத் துணிந்தவர்கள் அதையும் கற்பித்திருக்கலாம்.

சோடி சேர்க்கச் சொன்னால் அவன் பக்கத்தில் கல்காகசைத்தான் நிறுத்துவேன். கல்காகசுக்கு வென்றவனின் மருமகன் ஒரு பேச்சுக் கொடுத்தான். பண்டாரவன்னியனுக்கோ, கப்டன் வொன் டிறிபேக் அவனைத் தோற்கடித்த நாளைக் குறித்து ஆங்கிலேயர் கற்சிலைமடுவில் ஒரு கல் நட்டார்கள்.