ஒரு பெருவிரல் அடையாளமும் முப்பத்தைந்து ஆண்டுகளும்

மேன்முறையீடும் முடிந்துபோன ஒரு கைதி, தன் தண்டனை தவறென்று மறுபடியும் நீதிமன்றப் படியேறலாமா? இலங்கையில் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியது மட்டக்களப்பிலிருந்து போன சிங்கராசா வழக்கு. 1993 யூலையில், நாவற்குடா முதல் வாகரை வரை இந்த மாவட்டம் நன்கறிந்த சுற்றிவளைப்பு ஒன்றில், விடியற்காலையில் அவர் பிடிபட்டார். அவரைக் குற்றவாளியாக்கிய சான்று, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம். அதைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றித் தட்டச்சு செய்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். கீழே இருந்தது பெருவிரல் அடையாளம். முதுகுத் தழும்புகளும் இடக்கண் பார்வையைக் கெடுத்த காயமும் மருத்துவ அறிக்கையில் பதிவாகியிருந்தன. நீதவானிடம் முறையிடவில்லையே என்று சொல்லி மேல் நீதிமன்றம் அவற்றுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆகக் குறைத்தது, குற்றத்தீர்ப்பில் கை வைக்கவில்லை. 2000இல் உயர் நீதிமன்றம் விசேட அனுமதியை மறுத்தது.

கோளாறு 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இருக்கிறது. பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்பதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ அதை ஏற்பதோடு, அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்று நிறுவும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே வைக்கிறது. பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்? இந்தப் பாரமே நியாயமற்றது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் கண்டது. விடுதலை அல்லது மறுவிசாரணை வேண்டுமென்றது. அதைக் கொண்டு அவர் திரும்பவும் உயர் நீதிமன்றம் போனார். 2006 செப்டெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் மனுவைத் தள்ளியது. நீதித்துறை அதிகாரத்தை வெளியார் குழுவொன்றுக்கு வழங்க ஜனாதிபதிக்கு உரிமையில்லை, ஆகவே அக்குழுவிடம் தனியாள் முறையிட வழிவிடும் விருப்பத்தேர்வு நெறிமுறையில் 1997இல் சேர்ந்ததே செல்லாது என்பது அதன் நியாயம். இந்த வாதத்தில் வலு இல்லாமலில்லை. பாராளுமன்றத்தைக் கேளாமல் ஒரு ஜனாதிபதி நீதிமன்றத்துக்கு மேல் இன்னொன்றை வைப்பதை எவரும் இலகுவாக ஏற்கக் கூடாது. ஆனால் குழுவின் கருத்து கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டு, பாரம் நியாயமா என்பதை நீதிமன்றம் தானாகவே சீர்தூக்கியிருக்கலாம். ஒரு மனிதனின் வாக்குமூலம் பற்றிய வழக்கு, நாட்டின் இறைமை பற்றிய வழக்காக மாறிப்போனது.

முடிந்த தீர்ப்புகளைக் கிளறினால் வழக்குக்கு முடிவே இராது, பாதிக்கப்பட்டவர்களுக்கும் நிம்மதி இராது என்பார்கள். அக்கவலை உண்மையானது. ஆனால் வாசலை ஒடுக்கமாக வைக்க வழியுண்டு. அமெரிக்காவில் மத்திய அரசுச் சிறைக்கைதி, தண்டித்த நீதிமன்றத்திடமே தண்டனையை நீக்கக் கேட்பதற்கு 1948 முதல் சட்டம் இருக்கிறது. 1996இல் அதற்கு ஓராண்டுக் கெடு வந்தது. இரண்டாம் மனுவுக்கு மேல்மன்ற அனுமதியும் தேவையானது. அந்தக் கெடு மிகக் கடுமையானது என்பது என் எண்ணம். ஆனாலும் வாசல் இருக்கிறது. இங்கே ஜனாதிபதி மன்னிப்பைக் காட்டுவார்கள். மன்னிப்பு ஆளை வெளியே விடும், குற்றத்தீர்ப்பு சரியா என்று பார்க்காது. ஆட்சியாளரின் மனம் இரங்குவதையும் நம்பியிருக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தமும் அதன் 16ஆம் பிரிவை அப்படியே விட்டுவைத்தது. ஒப்புதல் ஒன்றையே நம்பித் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமாவது மீள்விசாரணை மனு ஒன்றைச் சட்டமாக்க வேண்டும். அதில் மருத்துவ அறிக்கையை விளக்கும் பொறுப்பு, ஆளைக் காவலில் வைத்திருந்த அரசுக்கே இருக்க வேண்டும்.