மார்கழி மேடையில் பறையொலி

மார்கழி என்றாலே சென்னையில் சபாக் கச்சேரிகளின் காலம். 1927ஆம் ஆண்டு காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக மியூசிக் அகாதெமி தோன்றிற்று. டிசம்பர்க் கச்சேரி மரபும் வேரூன்றிற்று. அம்மரபு யாருடைய இசையை மேடைக்கு உரியதென ஏற்றது, யாருடையதை வாசலில் நிறுத்திற்று என்ற வினாவை எழுப்பும் வகையில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு விழாவில் ஒரு மாலை கேட்டவற்றைக் குறித்துச் சில கருத்துகளை ஈண்டு வைக்கிறோம்.

கானா, ஒப்பாரி, பறையாட்டம், ராப் எனத் திரையிசையின் தயவை நாடாத பல குழுக்கள் ஒரே மேடையில் அடுத்தடுத்து இசைத்தன. நெருப்பில் காய்ச்சிய பறையில் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் விழுந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. சாவு வீட்டுக்கே உரியதென்றும் தீண்டத்தகாததென்றும் ஒதுக்கப்பட்ட கருவி அங்குத் தலைமை ஏற்றது. விழாவின் பெரும்பேறு இதுவே.

குறைகளும் உண்டு. சொல்லே உயிரான கானாவில், கிதார், டிரம்ஸ் ஆகியவற்றின் பேரொலியில் சொற்கள் அமிழ்ந்தன. ஒப்பாரி முடிந்தவுடன் கைதட்டல் எழுந்தது. அடுத்த குழுவும் உடனே தொடங்கிற்று. இழவு வீட்டிலோ, ஒருத்தியின் ஒப்பாரியை மற்றொருத்தி தோள் தழுவி ஏற்றுப் பாடுவாள். துயரைப் பகிரும் அவ்வுறவை மேடையால் தர இயலவில்லை. ஒலிபெருக்கியைத் தணித்துச் சற்று மௌனத்திற்கு இடம் தந்திருந்தால் இசை இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

இவ்விழா எழுப்பும் வினா திருச்சபைக்கும் உரியது. கிதாரும் கீபோர்டும் நம் ஆராதனையில் எளிதாகப் புகுந்தன. பறையிடம் மட்டும், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டோம். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டு முறைமை அமைத்துக் காட்டினார். ஆயினும் பல சபைகளில் தலித் விடுதலை ஞாயிறன்று மட்டுமே பறை ஒலிக்கிறது. ஆண்டுக்கொருமுறை அழைக்கப்படுபவர் விருந்தினரே, வீட்டாராக மாட்டார். எனவே சாதாரண ஞாயிறு ஆராதனையிலும், நற்கருணைப் பந்தியிலும், அடக்க ஆராதனையிலும் பறைக்கு உரிய இடத்தை ஆராதனைக் குழுக்கள் சிந்தித்தல் வேண்டும். அதை இசைப்போரையும் அக்குழுக்களில் சேர்த்துக்கொள்வதே அதற்கு முதற்படி.