தரக்குழுவின் நேர்த்தி

தோற்றவர் உடனே வெளியேறும் முறையில் மேஜைப்பந்துப் போட்டி நடக்குமிடத்தில், விடியற்காலையில் பேருந்தேறி வந்த 16 பிள்ளைகளில் 8 பேர், உடல் சூடேறுவதற்குள் ஒரே ஆட்டத்தோடு மட்டையை உறையிலிட்டுப் புறப்படுவதைக் கண்டவர் எவருக்கும், திறமைக்கேற்ற குழுக்களாகப் பிரித்து ஆடவிடும் முறையின்மீது இயல்பாகவே பிரியம் உண்டாகும். வயதுப் பிரிவு வகுப்பது சுலபம். ஆனால் ஒரே வயதில், நெடுநாள் அப்பியாசம் உள்ளவனும் நேற்று மட்டை பிடித்தவனும் இருப்பார்களே! ஆகவே காலையில் நால்வர் நால்வராகப் பகுத்து, ஒவ்வொருவரும் மற்ற மூவரையும் சந்திக்கும்படி குழுவுக்கு 6 ஆட்டங்கள் நடத்தி, முதலிடம் பெற்றவர்களை ஒரு குழுவாகவும் நான்காமிடத்தவர்களை வேறொரு குழுவாகவும் பிற்பகலில் மீண்டும் சேர்த்தால், கடைசிக் குழுவிலும் 11-9 என்று மூச்சடக்கிப் பார்க்கவேண்டிய ஆட்டங்கள் பிறக்கின்றன.

இதில் என்னை மிகவும் வசீகரிப்பது சர்வதேச விதியின் ஒரு சிறு அம்சம்: வென்றவருக்கு 2 புள்ளி, முழுதும் ஆடித் தோற்றவருக்கு 1, ஆடாமலோ பாதியில் விட்டோ தோற்றவருக்கு மட்டுமே பூஜ்யம். இளம் உள்ளத்துக்கு இதைவிட உத்தமமான கணக்கு வேறில்லை.

வீரர்கள் சரத் கமலும் சத்தியனும் சென்னையில் பயின்று உலக அரங்கேறிய ஆட்டம் மேஜைப்பந்து. காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலோ, சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயம் 1993 முதல் விளங்கிவருவதால், இளைஞர்களுக்குக் குறைவில்லை; 2.74 மீட்டர் நீள மேஜைகள் நான்கு இருந்தால் 16 பேரின் போட்டியை ஒரே நாளில் முடித்துவிடலாம். அங்கே போட்டி நடத்த முன்வரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: மூன்று ஆட்டத்துக்குக் குறைவாக ஆடி எந்தப் பிள்ளையும் வீடு திரும்பாதபடி அட்டவணை எழுதுங்கள்.