32 போதும்

பழைய வண்டிக்குக் கார்புரேட்டர் வாங்கப் போகிறவர் கடைக்காரர் காட்டும் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. கையில் வாங்கியதும் த்ராட்டில் ஸ்பிண்டிலை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். அது சுழலலாம், ஆடக் கூடாது. ஆடினால் அந்த இடுக்கு வழியே கள்ளக்காற்று புகுந்துகொண்டே இருக்கும்; ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் ஐடிலிங் நிலைக்காது. அடுத்து லீவரை முழுக்கத் திறந்து சட்டென்று விட வேண்டும். நல்ல பீஸில் தட்டு ஒரே அடியில் 'டக்'கென்று மூடும். தேய்ந்ததில் அந்த ஓசை உரசிக்கொண்டு வரும். இந்த இரண்டு சோதனையிலும் தேறியதைத்தான் விலை கேட்கலாம்.

புதுச்சேரி முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் மஹிந்திரா எஃப்.சி.-150 பிக்கப் ஒன்று நிற்கிறது; இந்தத் தேடல் அதற்காகத்தான். மூக்கில்லாத வண்டி. எஞ்சின் ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பகல் பயணத்தில் இடது தொடை வெந்துவிடும். அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் வடிவமைப்பு, மஹிந்திரா இந்தியாவில் தயாரித்தது. உள்ளே இருப்பது எஃப்-134 ஹரிக்கேன் எஞ்சின்: நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர். இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் என்ற விசித்திர அமைப்பு. இந்தக் காலத்து எஞ்சினியர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். 2000 சுற்றிலேயே முழு இழுவையும் கொடுத்துவிடும் எஞ்சின் அது.

இந்த வகை வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினோடு தப்பியவை குறைவு. 1970களில் எண்ணெய் விலை ஏறிய பிறகு ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் டீசல் எஞ்சின் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. மஹிந்திராவே பிரான்சின் பெஜோ கம்பெனியிடம் உரிமம் வாங்கி எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சினை இங்கே தயாரித்தது. கழற்றிப் போட்ட பெட்ரோல் எஞ்சின்களோடு கார்புரேட்டர்களும் எடைக்குப் போயின. அதனால்தான் இன்று ஒன்று தேடுவதே ஒரு வேட்டையாக இருக்கிறது.

வில்லிஸ் இந்த எஞ்சினுக்குக் கொடுத்தது கார்ட்டர் ஒய்.எஃப். நல்ல அமெரிக்க வேலை. அதன் மெயின் ஜெட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பி இறங்கி நிற்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கம்பி மேலே ஏறும், ஜெட்டின் வாய் அகலும், பெட்ரோல் கூடும். கம்பியின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதில்தான் எல்லாக் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி ஒரு நூல் தேய்ந்தாலும், டயாஃபிரம் கிழிந்தாலும் உள்ளூர்க் கடையில் மாற்று கிடையாது. வரவழைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். ரசிக்கலாம், ஆனால் ஓட்ட வேண்டிய வண்டியில் வைத்துக்கொள்ள முடியாது.

அப்போது யாராவது ஒருவர், பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பந்தயப் பித்து உள்ள தம்பி ஒருவர், "இரட்டை பாரல் பெரிய கார்ப் போட்டுடலாம்ணா, பறக்கும்" என்பார். பறக்காது. கணக்கு எளிது. 2.2 லிட்டர் எஞ்சின் 2000 சுற்றில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2200 லிட்டர் காற்றைத்தான் இழுக்க முடியும். அந்தக் காற்று 26 மில்லிமீட்டர் வென்சூரி, அதாவது கார்புரேட்டரின் குறுகிய கழுத்து, வழியே போகும் வேகம், 32 மில்லிமீட்டர் வென்சூரியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோலை உறிஞ்சும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது பாதிக்கும் கீழே இறங்கும். ஜெட்டிலிருந்து பெட்ரோல் பொடிப்பொடியாகத் தெறிக்காமல் சொட்டுச் சொட்டாக வழியும். மேல் சுற்றில் கிடைக்கும் சிறு லாபத்துக்காகக் கீழ் சுற்றில் உள்ள மொத்த இழுவையையும் விற்றுவிடுகிறோம். நேரு வீதியில் வாடகை ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்கிற வண்டிக்கு மேல் சுற்று எதற்கு?

ஆகவே சோலெக்ஸ் 32 பி.பி.ஐ.சி. 32 என்பது த்ராட்டில் துளையின் விட்டம், மில்லிமீட்டரில்; வென்சூரியின் அளவு இல்லை. முதல் 'பி' இருந்தால் ஆக்ஸிலரேட்டர் பம்ப் உண்டு. அது இல்லாத தம்பி மாடல் வெறும் பி.ஐ.சி. 'ஐ' என்றால் காற்று மேலிருந்து கீழே இறங்கும் வகை. இந்த எஞ்சினில் கார்ட்டருக்கு மாற்றாக இது உலகம் முழுக்கப் போடப்பட்டிருக்கிறது, ஒட்டுப்போட்ட வேலை இல்லை.

சோலெக்ஸின் அழகு அது ஒளித்துவைக்காததில் இருக்கிறது. மெயின் ஜெட்டைப் பார்க்க கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம், மூடியைக்கூடத் திறக்க வேண்டாம். பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் அடிப்பக்கம் பித்தளை போல்ட் ஒன்று தெரியும். ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் ஜெட் அதன் நுனியிலேயே வெளியே வரும். அதன் மேல் எண் பொறித்திருக்கும். 125 என்றால் துளை 1.25 மில்லிமீட்டர். ஏர் ஜெட்டுக்கும் எண், பைலட் ஜெட்டுக்கும் எண். வென்சூரி தனிக் குழாய். ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் கழன்று வரும், வேறு அளவு போடலாம். ஆக, வாங்குவது முடிந்துபோன ஒரு பொருளை இல்லை. எஞ்சினுக்கும் ஊருக்கும் தக்கபடி முடித்துக்கொள்ள வேண்டிய பொருளை. ஜெட் துளையைக் கம்பி விட்டுக் குத்துகிற பட்டறைக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு குத்தில் அந்த எண் பொய்யாகிவிடும்.

பாரிஸில் குதார், மென்னசோன் என்ற இரண்டு எஞ்சினியர்கள் ரேடியேட்டர் செய்யத் தொடங்கிய கம்பெனி சோலெக்ஸ். கார்புரேட்டர் பிறகுதான் வந்தது. சித்ரோயன் வண்டிகளில் சோலெக்ஸ், உரிமம் பெற்று ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் சோலெக்ஸ். 1946 முதல் முன் சக்கரத்தின் மேல் எஞ்சின் வைத்த வெலோசோலெக்ஸ் மொபெட்டையும் இவர்கள்தான் விற்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். அதன் பிறகு சோலெக்ஸ் இந்த ஊருக்கு வந்த வழிதான் வேடிக்கை. சென்னையில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் அதை உரிமத்தின் பேரில் தயாரித்தது. பிரெஞ்சுச் சரக்கு மதராஸிலிருந்து, அமெரிக்க வடிவ வண்டியின் தலையில் ஏறிப் பாண்டிக்குள் நுழைந்தது. அதே சென்னைக் கம்பெனி 1985இல் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து யூகால் என்ற பெயரில் புதிய நிறுவனம் தொடங்கியது. அந்த மிக்குனியும் சோலெக்ஸிடம் உரிமம் வாங்கித் தொழில் செய்த கம்பெனிதான்.

அந்தச் சென்னைத் தயாரிப்பில், பிரிக்காத பழைய ஸ்டாக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் சொல்லிவைத்தால் எப்போதாவது வரும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் விரிப்பில் ஒன்றைப் பார்த்தால் குனிந்து எடுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் உதிரிக்குத்தான் ஆகும். டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க, வார்ப்பின் ஓரத்தை நகத்தால் வருட வேண்டும், பிசிறு தட்டுப்படும். அடி ஃபிளாஞ்சைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் அசையும். ஜெட்டில் எண் இருக்கும், துளை அதற்குச் சம்பந்தமில்லாமல் இருக்கும். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே களக் களக் என்றால் ஓட்டை. சந்தேகம் இருந்தால் சுடுநீரில் அமுக்குங்கள், குமிழி வரும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊருக்கென்று சில குணங்கள் உண்டு. கார்புரேட்டர் உடம்பு துத்தநாகக் கலவை. கடற்காற்று பட்டு வெள்ளையாகப் பூக்கும். மேலே பூப்பது பரவாயில்லை. கிண்ணத்துக்குள் பூத்தால் அந்தப் பொடி பைலட் ஜெட்டை அடைக்கும். சிலர் மணல் அடித்து வெள்ளி மாதிரி ஆக்கி விற்கிறார்கள். ஒரு மணி உள்வழியில் சிக்கினால் போதும். மங்கலாக, சாம்பல் நிறத்தில், பெட்ரோல் கறையோடு இருக்கும் உடம்பே எனக்கு அழகு.

அடுத்தது சூடு. எஃப்-134இல் இன்டேக் வழி ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டது. கார்புரேட்டர் நேராக ஹெட்டின் தலையில் உட்காருகிறது. அதுவும் எஃப்.சி.யில் மூடிய பெட்டிக்குள். மே மாதத்தில் வண்டியை நிறுத்தினால் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாது. இதற்கு மருந்து வேறு கார்புரேட்டர் இல்லை. அடியில் தடித்த பேக்கலைட் பாக்கிங் போட வேண்டும். அதை மறந்துவிட்டு ஆளாளுக்குக் காயிலை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 2025இல் நாடு 20 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது விழுக்காடு கூடுதல் எரிபொருள். ஜெட்டின் பரப்பு அவ்வளவு கூட வேண்டுமென்றால் விட்டம் நாலு விழுக்காடு கூடினால் சரி: 125 இருந்த இடத்தில் 130. இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் செய்வதை இங்கே ஒரு சிறு பித்தளைத் துண்டு செய்கிறது. பழைய ரப்பர் குழாயையும் கார்க் பாக்கிங்கையும் அதே நாளில் மாற்றிவிட வேண்டும். எத்தனால் அவற்றை ஊறவைத்துத் தின்றுவிடும்.

பொருத்தியாயிற்று. இனி காதுதான் கருவி. எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருகினால் ஓரிடத்தில் சுற்று ஏறி நிற்கும்; அங்கிருந்து ஒரு நூல் திரும்பி வர வேண்டும். இந்த ஊர் மெக்கானிக்குகளில் மூத்தவர்கள் இதைச் செய்யும்போது யாரோடும் பேசுவதில்லை. கேஸ் அனலைசர் வைத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அவர்கள் நிறுத்திய இடத்தில்தான் முள் நிற்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பிறகு ஓட்டம். கடற்கரைச் சாலைக்குப் போவதில் பயனில்லை. மாலை ஆறு மணிக்கு அங்கே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், தவிர அது சமதளம். வண்டியில் பாதி லோடு ஏற்றி ராஜீவ் காந்தி சிலையிலிருந்து கோரிமேடு நோக்கி விட வேண்டும். பாண்டியில் மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான். மூன்றாவது கியரில், முழுக்க மிதித்து, இடையில் விடாமல். மிதித்த கணத்தில் ஒரு தயக்கம் தெரிந்தால் ஆக்ஸிலரேட்டர் பம்ப் போதவில்லை. ஏறும்போது இன்டேக் வழியே 'பட்' என்று வெடித்தால் பெட்ரோல் குறைவு. ஜெட்டில் ஒரு எண் ஏற்ற வேண்டும். சைலன்சரில் கறுப்புப் புகை வந்தால் ஒரு எண் இறக்க வேண்டும். ஜிப்மர் தாண்டி ஓரங்கட்டி, எஞ்சினை உடனே அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அடுத்த எண் ஜெட்டோடு மறுபடி கீழிருந்து ஏற்ற வேண்டியதுதான். எல்லையோரம் பாண்டி விலைக்கு டேங்க் நிரப்ப வந்த தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையில் நிற்கும், யாராவது ஒருவர் இறங்கி வந்து, "சார், இது டீசலா பெட்ரோலா?" என்று கேட்பார்.