தனிமைக்குக் காரணம் கருவிதானா?

"செல்போன் வந்தது, வீட்டில் பேச்சு போயிற்று" என்ற புலம்பலை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். சொல்பவர் வீட்டுப் பெரியவர் என்றால் நாம் மறுத்துப் பேசுவதில்லை. விஞ்ஞானி என்றால் அப்படியே நம்பிவிடுகிறோம். ஆனால் சொல்பவர் யார் என்று பார்ப்பது அறிவியல் முறையன்று. அவர் காட்டும் சான்று என்ன என்று பார்க்க வேண்டும். கைக்கு வந்த கருவிகள் உறவுகளை அறுக்கின்றன என்ற கருத்துக்குச் சான்றாகப் பெரிதும் பேசப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. அதை இங்கே உரைத்துப் பார்ப்போம், வாருங்கள்.

பிட்ஸ்பர்க் ஆய்வு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னெகி மெலன் பல்கலைக் கழகம் இருக்கிறது. அங்கே ராபர்ட் கிரவுட் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1995இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அந்நாளில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் எட்டவில்லை. எனவே, இணைய இணைப்பு இல்லாத குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குக் கணிப்பொறியும் தொலைபேசி இணைப்பும் இணைய வசதியும் தந்தனர். யார் எவ்வளவு நேரம் இணையத்தில் இருந்தார் என்பது கணிப்பொறியிலேயே பதிவாயிற்று. "நேற்று எத்தனை மணி நேரம்?" என்று கேட்டு, மறதியும் கூச்சமும் கலந்த விடையை நம்ப வேண்டிய நிலை இல்லை. இது இந்த ஆய்வின் பெரிய சிறப்பு.

வீட்டாருடன் எவ்வளவு பேசுகிறீர்கள், எத்தனை பேருடன் பழகுகிறீர்கள், மனச்சோர்வு உண்டா, தனிமை வாட்டுகிறதா என்ற கேள்விகள் தொடக்கத்திலும், ஓரிரு ஆண்டுகள் கழித்தும் கேட்கப்பட்டன. 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேரின் விடைகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

முடிவு 1998இல் வெளியாயிற்று. இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் வீட்டாருடன் பேசுவது குறைந்திருந்தது. அவர்களுடைய பழகும் வட்டம் சுருங்கியிருந்தது. மனச்சோர்வும் தனிமை உணர்வும் சற்றே கூடியிருந்தன. இவர்கள் இணையத்தைப் பெரிதும் பயன்படுத்தியது எதற்குத் தெரியுமா? மின்னஞ்சல் எழுதத்தான்! பிறரோடு தொடர்பு கொள்ளும் கருவியே தனிமையைக் கூட்டுகிறது என்றால் அது முரண் அல்லவா? ஆய்வாளர்களும் இதனை "இணைய முரண்" என்றே அழைத்தனர். 1998 ஆகஸ்ட் 30ஆம் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் முதல் பக்கத்திலேயே இச்செய்தியை வெளியிட்டது. பல நாடுகளிலும் பேச்சு பரவியது.

குறைகள் எங்கே?

முதலில் அளவைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேர இணையப் பயன்பாட்டுக்கு, மனச்சோர்வின் அளவு சராசரியாக 1 சதவீதமும், தனிமையின் அளவு 0.4 சதவீதமும் கூடியிருந்தன. சராசரியாக 66 பேர் கொண்ட பழகும் வட்டத்தில் 2.7 பேர் குறைந்திருந்தனர். பல மணி நேரம் செலவிட்டவர்களுக்கு இது பெருகும் என்பது உண்மை. எனினும் "உறவுகள் அறுந்தன" என்று முழங்குவதற்கு இது போதுமா?

இரண்டாவதாக, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லை. ஒரு வகுப்பு மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் சத்துமாவு கொடுத்துவிட்டு உயரத்தை அளந்தால் எல்லோரும் வளர்ந்துதான் இருப்பார்கள். வளர்த்தது சத்துமாவா, வயதா? சத்துமாவு உண்ணாத இன்னொரு வகுப்பையும் அளந்தால்தானே தெரியும்? பிட்ஸ்பர்க்கில் இணையம் பெறாத குடும்பங்கள் அளக்கப்படவில்லை.

மூன்றாவதாக, எடுத்துக்கொண்ட குடும்பங்கள் எப்படிப்பட்டவை? ஒரு பகுதி, உயர்நிலைப் பள்ளிகளில் இதழியல் வகுப்பில் சேர்ந்திருந்த மாணவர்களின் குடும்பங்கள். மறுபகுதி, சமூக வளர்ச்சி அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் இருந்த பெரியவர்களின் குடும்பங்கள். இவர்கள் ஏற்கெனவே பலரோடு பழகிக்கொண்டிருந்தவர்கள். மேட்டில் நிற்பவருக்கு இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம். பள்ளிப் படிப்பு முடிந்தால் மாணவரின் நண்பர் வட்டம் தானாகவே கலையும். பதவிக் காலம் முடிந்தால் பெரியவரின் வட்டமும் சுருங்கும். இதில் கணிப்பொறியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

ஆய்வாளர்களுக்கும் நாம் நியாயம் செய்ய வேண்டும். தொடக்கத்திலேயே தனிமையில் வாடியவர்கள்தாம் பின்னர் கணிப்பொறியை நாடினார்களோ என்று அவர்கள் சோதித்தனர். பொதுவாக அப்படி இல்லை என்றே கண்டனர். ஆகவே ஆய்வு வீணானது அன்று. அதன் சான்றுக்கு மீறிய சுமையை உலகம் அதன் தலையில் ஏற்றியதுதான் தவறு.

இரண்டாவது கட்டுரை

கதை இத்துடன் முடியவில்லை. அதே ஆய்வாளர்கள் பழைய குழுவில் 208 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். 2002இல் அதன் முடிவை வெளியிட்டனர். முன்பு கண்ட தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன! மக்கள் கருவியைக் கையாளக் கற்றுக்கொண்டிருக்கலாம். அல்லது இணையமே மாறியிருக்கலாம். 1995இல் உங்கள் அத்தையும் அண்டை வீட்டாரும் இணையத்தில் இல்லையென்றால், அங்கே முன்பின் அறியாதவரோடுதானே பேச முடியும்? தெரிந்தவர்கள் வந்து சேர்ந்த பின் நிலைமை வேறல்லவா?

புதிதாகக் கணிப்பொறியோ தொலைக்காட்சிப் பெட்டியோ வாங்கிய 406 பேரையும் 1998-99இல் அவர்கள் ஆராய்ந்தனர். இங்கே இணையப் பயன்பாட்டுடன் பொதுவாக நல்ல விளைவுகளே காணப்பட்டன. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. கலகலப்பாகப் பழகுபவர்களுக்கும், ஏற்கெனவே துணை நிற்க ஆட்கள் உள்ளவர்களுக்கும் நன்மை கூடியது. கூச்ச இயல்பினருக்கும், துணை குறைந்தவர்களுக்கும் அது நன்மையாக அமையவில்லை. பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, அதுபோல் உறவும் உறவு உள்ளவரிடமே சேர்ந்தது.

இந்த இரண்டாவது கட்டுரைதான் முக்கியமானது. ஆனால் அதற்கு முதல் கட்டுரைக்குக் கிடைத்த பெயரும் புகழும் கிடைக்கவில்லை. அச்சமூட்டும் செய்திக்குச் சிறகு உண்டு. அதைத் திருத்தும் செய்தி நடந்துதான் வருகிறது.

இன்றைய கைபேசிக்கு வருவோம்

"அது பழைய கணிப்பொறி, இன்று கைபேசி சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டதே" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழக ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தனர். நண்பருடனோ குடும்பத்தாருடனோ ஓர் உணவகத்துக்கு வந்த 300க்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம், குறுஞ்செய்தியில் ஒரு கேள்வி வரும் என்று சொல்லிக் கைபேசியை மேசைமேல் வைக்கச் செய்தனர். மறு பிரிவினர் அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டனர். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால், இங்கே ஒப்பிடத் தகுந்த இரு குழுக்கள் கிடைத்தன. முடிவு 2018இல் வெளியாயிற்று. கைபேசி மேசைமேல் இருந்தவர்களின் கவனம் அதிகம் சிதறியது. கூடியிருந்து உண்ட இன்பமும் குறைந்தது. ஆனால் குறைவு சிறிதளவே.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். "கருவி நல்லதா, கெட்டதா?" என்ற கேள்வியே பிழையானது என்பது விளங்கும். யார், யாரோடு, எந்த நேரத்தில், எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று கேட்க வேண்டும். தொலைவில் இருப்பவரோடு பேச உதவும் அதே கைபேசி, எதிரில் இருப்பவரின் பேச்சை இடைமறிக்கிறது.

இதனால் நமக்கு என்ன பயன் என்கிறீர்களா? வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கைபேசியில் நண்பர்களைக் கூட்டிக் கிரிக்கெட் ஆடப் போகிறான். மற்றவன் யாரோடும் பேசாமல் மூலையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இருவருக்கும் ஒரே சட்டம் போட்டுக் கைபேசியைப் பறித்தால் முதல்வன் நண்பர்களை இழப்பான். இரண்டாமவனுக்கு நண்பன் கிடைத்துவிடுவானா? அவனுக்குத் தேவை நம்முடைய துணை. பழியைக் கருவியின் மேல் போட்டுவிட்டால், அவனைக் கவனிக்கும் கடமையிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்த நாள்களில் இரவு உணவின்போது வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளையும் வேறு அறையில் வையுங்கள். பூ விழுந்த நாள்களில் வழக்கம்போல் இருங்கள். எவ்வளவு நேரம் பேசினீர்கள், யார் பேசினார், யார் பேசவில்லை என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். உங்கள் குறிப்பு உங்கள் வீட்டுக்கு மட்டுமே பொருந்தும், உலகத்துக்குப் பொருந்தாது. ஆனால் பேசாமல் உண்டு எழுந்து போகிறவர் யார் என்பதை அது காட்டிக் கொடுக்கும். அடுத்த நாள் அவருக்குப் பக்கத்தில் போய் அமருங்கள்.