‘அழகிய மரம்’ யாருக்கு நிழல் தந்தது?

இந்தியாவின் கல்வி ஓர் அழகிய மரமென்றும், ஆங்கிலேயர் அதன் வேரைத் தோண்டிப் பார்த்து அப்படியே விட்டமையால் அது பட்டுப்போயிற்றென்றும் 1931-ம் வருஷம் அக்டோபரில் லண்டன் மாநகரிலே காந்தியார் பேசினார். அந்தச் சொல்லையே பெயராக வைத்துத் தரம்பால் என்னும் ஆராய்ச்சியாளர் 1983-ம் வருஷம் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். முன்னாளில் நம்மவர் யாவரும் கற்றிருந்தனர், வெள்ளையனே நம்மை மூடராக்கினான் என்று முழங்குவோர்க்கு இந்நூல் ஆதாரமாகி நிற்கின்றது. ஆதலின் இது கூறுவதென்ன, கூறாது விட்டதென்ன என்று நாம் ஆராய்தல் அவசியமாகும்.

நூலின் பெருமையை முதலிற் சொல்வோம். சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ல் ஜில்லாக் கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் தொகுத்த முடிவின்படி 1,28,50,941 ஜனங்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. கற்றோர் 1,88,650 பேர். வீட்டிற் கற்றோரையும் சேர்த்தால், பள்ளி வயதுச் சிறுவரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் கல்வி பெற்றனரென்பது அவர் மதிப்பு. சீமைத் துணி வந்து உள்நாட்டு நெசவு குன்றியதும், ஜனங்களின் வறுமையும் பள்ளிகளைத் தேய்க்கின்றன என்று பெல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-லேயே எழுதினார். இவற்றைத் தூசி தட்டிப் பிரசுரித்த தரம்பாலுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். கல்வியென்பதே வெள்ளையர் கப்பலில் வந்திறங்கியது என்னும் பொய் இதனால் ஒழிந்தது.

நிற்க. தமிழ் ஜில்லாக்களில் கற்ற மாணாக்கரில் நூற்றுக்கு 70 முதல் 84 வரை சூத்திரரும் அவருக்குக் கீழ்ப்பட்டோருமே என்று தரம்பால் கணக்கிடுகிறார். பிராமணர் மாத்திரமே படித்தனரென்போர்க்கு இது தக்க விடை. ஆனால் கலெக்டர்களின் பட்டியலிலுள்ள பத்திகள் யாவை? பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய ஜாதியார், முஸ்லிம்கள் என்பனவே. நன்செய் நிலமுடைய வேளாளரும் சூத்திரர். அவர் வீட்டுத் துணி வெளுப்போரும் சூத்திரர். சேரியில் வாழ்ந்த ஆதிதிராவிடருக்குத் தனிப் பத்தி கிடையாது. ‘ஏனைய ஜாதியார்’ என்னும் மூட்டைக்குள் அவர் எத்தனை பேர்? பட்டியல் வாய் திறக்கவில்லை. வாய் திறவாத பட்டியலைக் காட்டி, எல்லா ஜாதியாரும் ஒரே திண்ணையில் அமர்ந்து கற்றனர் என்பது ஆராய்ச்சியாகாது.

பெண்களின் நிலையோ பட்டியலிலேயே தெளிவாயிருக்கின்றது. 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அவர்களிலும் தேவதாசிகளே குறிப்பிடத்தக்கவர் என்று அக்காலத்து அதிகாரிகளே எழுதினர். பெண்கள் வீட்டிலே கற்றிருப்பர் என்று சமாதானம் கூறுவோர் அதற்குக் கணக்குக் காட்டவேண்டும்.

இதை நாம் வற்புறுத்தக் காரணமுண்டு. மலாய் நாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தோரில் பெருந்தொகையினர் அந்தச் சேரிகளிலும் நிலமற்ற கூலிக் குடும்பங்களிலும் பிறந்தோரே. 7 முதல் 14 வயது வரையுள்ள ஓரினப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டத்திலே பள்ளிக்கூடம் அமைக்கவேண்டுமென 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இது கருணையால் விளைந்ததென நாம் மயங்கவேண்டா. குடும்பத்தோடு கூலியாட்கள் வந்து நிலைத்தால் பால்வெட்டு தடையின்றி நடக்கும். கங்காணியும் கிராணியுமே பல தோட்டங்களில் வாத்தியாராயினர். ஆயினும் தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாதிருந்த குடும்பத்துப் பிள்ளை, அந்தக் கொட்டகையிலே தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்றது. ஆங்கிலேயன் செய்த கேட்டை மறைக்கவும் கூடாது. அவன் வருமுன்னரே நம்மவர் சாத்திய கதவுகளை மறக்கவும் கூடாது.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் வாசகர்களுக்கு நாம் சொல்வது இதுவே: பழம்பெருமை பேசும் நூல்களை அவசியம் வாசியுங்கள். எத்தனை பள்ளிகள் இருந்தன என்றறிவதோடு நில்லாமல், உள்ளே இருந்தோர் யார், வெளியே நின்றோர் யார் என்று வினவுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் குடும்பம் எந்தப் பத்தியில் அடங்கும் என்றும் தேடிப் பாருங்கள்.